சென்னைத் தொலைக்காட்சி: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி (கோவை வாசகர்): சென்னைத் தொலைக்காட்சி 1975இலேயே தொடங்கிவிட்டது என்று படித்தேன். ஆனால் 1980களில் எங்கள் பக்கம் டி.வி. வந்தபோது முதலில் தெரிந்தது டில்லி நிகழ்ச்சிதான், அதுவும் பெரும்பாலும் இந்தி. சென்னையில் தமிழில் ஓடிக்கொண்டிருந்தது எங்களுக்கு ஏன் எட்டவில்லை?

பதில்: நீங்கள் படித்தது சரிதான். 1975 ஆகஸ்ட் 9இல் கல்கத்தா, அடுத்து ஆகஸ்ட் 15இல் சென்னை. அன்று தொலைக்காட்சி என்பது அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவு. தூர்தர்ஷன் தனியாகப் பிரிந்தது 1976 ஏப்ரல் 1இல். மாலையில் சில மணி நேரம் மட்டும், கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பு. டயனோரா, சாலிடேர் பெட்டி வைத்திருந்த வீட்டில் தெருவே கூடி உட்கார்ந்த காலம் அது.

எட்டாததற்கு முதல் காரணம் பூமியின் வளைவு. அன்று தொலைக்காட்சிக்குப் பயன்பட்ட வி.எச்.எஃப். (VHF) வானொலி அலை ஏறக்குறைய நேராகத்தான் போகும். கோபுரத்தின் உயரத்தையும் வீட்டு ஆன்டெனாவின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலங்களையும் கூட்டி 4.12ஆல் பெருக்குங்கள். அலை தடங்கலில்லாமல் போகக்கூடிய தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 150 மீட்டர் கோபுரம், 10 மீட்டர் ஆன்டெனா என்று வைத்துக்கொண்டால் சுமார் 63 கி.மீ. அதைத் தாண்டியும் கொஞ்ச தூரம் மங்கலாகத் தெரியும். கோவைக்கு வரவே வராது.

இரண்டாவது காரணம்தான் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு வருத்தம் தந்தது. 1982 ஆகஸ்ட் 15இல் தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. அதே ஆண்டு வண்ணமும் வந்தது. 1983இல் ஏவிய இன்சாட் 1பி செயற்கைக்கோள் வேலை செய்யத் தொடங்கியபின், நாடெங்கும் 100 வாட் திறனுள்ள சிறு ஒளிபரப்பு நிலையங்களை வேகமாக நிறுவினார்கள். அங்கே இருந்ததெல்லாம் செயற்கைக்கோள் அலையை வாங்கும் ஒரு டிஷ்ஷும், 15 முதல் 25 கி.மீ. வரை எட்டும் ஒரு டிரான்ஸ்மிட்டரும்தான். டிஷ்ஷில் வந்தது டில்லி, ஆகவே வெளியே போனதும் டில்லி. சென்னையின் தமிழ் நிகழ்ச்சி அந்த ஊர்களுக்குப் போக தரைவழி மைக்ரோவேவ் இணைப்போ, தனிச் செயற்கைக்கோள் வழியோ வேண்டும். இரண்டும் பின்னால்தான் வந்தன. டிரான்ஸ்மிட்டர் எண்ணிக்கையைக் கூட்டுவதில் காட்டிய அவசரத்தை மொழி விஷயத்தில் காட்டவில்லை என்பதே எங்கள் கருத்து. தென் மாவட்டங்களில் நிலைமையை மாற்றியது கொடைக்கானல் உயர்சக்தி நிலையம். 2,100 மீட்டர் உயரத்தை மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள், 200 கி.மீ. வரும்.

கேள்வி (தூத்துக்குடி வாசகி): சென்னை டி.வி. தெரியாத காலத்திலேயே எங்கள் ஊரில் இலங்கை ரூபவாஹினி பார்த்தோம். ஒரு நாள் பளிச்சென்று இருக்கும், மறுநாள் புள்ளி புள்ளியாக வரும். ஆன்டெனா அதேதான். காரணம் என்ன?

பதில்: ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15இல் தொடங்கியது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையில், 2,524 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்துக்கும்கூட நேர்பார்வைத் தூரம் சுமார் 220 கி.மீ.தான். தூத்துக்குடி அங்கிருந்து 350 கி.மீ. போல இருக்கும். மிச்சத் தூரத்தைக் கடக்க வைத்தது கடல்தான்.

கடலை ஒட்டிய காற்று ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். அதன்மேல் தரையிலிருந்து வரும் வறண்ட வெப்பக் காற்று படியும்போது, இரண்டுக்கும் நடுவில் அலை மேலே தப்பிப் போகாமல் கடல் வளைவோடு சேர்ந்தே வளைந்து வரும். காற்று அசையாத கோடை மாலைகளில் இந்த அடுக்கு நன்றாக நிற்கும். பலத்த காற்று அடித்தால் அடுக்கு கலைந்துவிடும், படமும் போய்விடும். நீங்கள் பார்த்த "மறுநாள்" அதுதான். படத்தின் குறுக்கே ஜன்னல் பட்டைபோல் கோடுகள் ஓடியிருந்தால், அதே சேனலில் இயங்கும் வேறொரு தொலைதூர நிலையமும் சேர்ந்து வந்திருக்கிறது என்று பொருள்.

ஆன்டெனாவின் பங்கும் சின்னதல்ல. மீன்முள் ஆன்டெனாவில் கம்பிகளின் நீளத்தைச் சேனலுக்கு ஏற்பதான் வெட்ட வேண்டும். சேனல் 4 என்றால் 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸ். இதற்கு நடுக்கம்பியான டைபோல் சுமார் 2.2 மீட்டர், பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர் ஐந்து சதவீதம் நீளம், முன்னால் வரும் டைரக்டர்கள் ஐந்து சதவீதம் குட்டை. 174 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் சேனல் 5க்கு டைபோல் 80 செ.மீ. போதும். ஒன்றுக்கு வெட்டியதை மற்றொன்றுக்கு வைத்துவிட்டு பூஸ்டர் மாட்டினால், பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். கொடைக்கானல் உங்கள் ஊருக்கு வடமேற்கில், பிதுருதலாகலை தென்கிழக்கில். அதனால் இரண்டையும் பார்க்க விரும்பியவர்கள் ஒரே குழாயில் எதிரெதிராக இரண்டு ஆன்டெனா வைக்க வேண்டியிருந்தது.

கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை உப்புக்காற்று. அலுமினியக் கம்பியில் இரும்பு போல்ட் போட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் இணைப்பில் வெள்ளைப் பொடி பூக்கும். பட்டை ஒயர் நனைந்தால் சிக்னலைக் குடித்துவிடும். மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு "இப்போ தெரியுதா?" என்று கத்தியவர்களில் பாதிப் பேருக்குத் திசை சரியாகவே இருந்திருக்கும், கோளாறு அந்த போல்ட்டில்.

கேள்வி (சென்னை வாசகர்): "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற அட்டை அவ்வளவு அடிக்கடி வந்ததற்குக் காரணம் என்ன? உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கும்?

பதில்: அட்டை ஒன்று, காரணம் பல. கேமராவிலிருந்து வரும் படம் அதன் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போய் வெளிச்சமும் நிறமும் சரிபார்க்கப்படும். அடுத்து தயாரிப்புக் கட்டுப்பாட்டு அறையின் விஷன் மிக்ஸர், அதாவது பல படங்களில் எது போக வேண்டும் என்று மாற்றிக் கொடுக்கும் கருவி. அங்கிருந்து மாஸ்டர் ஸ்விட்சிங் அறை. ஸ்டுடியோ, நாடா, டில்லி இணைப்பு, வெளிப்புற வண்டி எல்லாம் வந்து சேர்வது இங்கேதான். கடைசியாக டிரான்ஸ்மிட்டர். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மானிட்டர் இருக்கும். வீட்டில் தெரிவது போலவே காற்றில் வாங்கிக் காட்டும் மானிட்டரும் ஒன்று உண்டு. தடங்கல் வந்ததும் பொறியாளர் பார்ப்பது மானிட்டர் வரிசையை. அனுப்பும் படம் நன்றாக இருந்து காற்றில் வாங்கும் படம் கெட்டிருந்தால் கோளாறு டிரான்ஸ்மிட்டரில். இரண்டும் கெட்டிருந்தால் முந்தைய கட்டங்களில் தேட வேண்டும். தேடும் நேரத்தில் திரை இருண்டு கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அட்டை.

அதிகம் படுத்தியது வீடியோ நாடா. யு-மேட்டிக் என்ற கேசட் வகை வீடியோ எந்திரத்தில் படத்தைப் படிக்கும் ஹெட் ஓர் உருளையில் சுழலும், அதன் இடைவெளி தலைமுடியைவிடப் பல மடங்கு குறுகியது. நாடாவிலிருந்து உதிரும் ஆக்சைடு துகள் அதில் அடைத்தால் படம் மணல் கொட்டியது போலாகும். ஒலியைப் படிப்பது தனியாக நிற்கும் வேறு ஹெட் என்பதால் குரல் மட்டும் தெளிவாக வந்துகொண்டிருக்கும். படம் கெட்டுக் குரல் நன்றாக இருந்த தடங்கல் நினைவிருந்தால், பெரும்பாலும் அது இதுதான். ஷாமி தோல் சுற்றிய குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து உருளைமேல் அசையாமல் பிடித்து, உருளையைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். குச்சியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். துடைத்தபின் ஆல்கஹால் உலரும்வரை நாடா போடக் கூடாது.

சென்னையின் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். குளிரூட்டிய அறையில் இருந்த ரெக்கார்டரை மே மாதம் கடற்கரைக்கு எடுத்துப் போனால் உருளையில் பனி படியும், நாடா அதில் ஒட்டிக்கொள்ளும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வெளிக்காற்றுக்குப் பழகவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

செய்தி நேரத்தில் வரும் சின்னத் தடுமாற்றங்களுக்குக் காரணம் வேறு. நாடா எந்திரம் ஓடத் தொடங்கியதும் படம் நிலைப்படச் சில விநாடி ஆகும். செய்தி வாசிப்பவர் கடைசி வரியை முடிக்க ஐந்து விநாடி இருக்கும்போதே "ரோல்" சொல்லியாக வேண்டும். அதற்கான இடத்தைப் பிரதியில் குறித்திருப்பார்கள். வாசிப்பவர் வேகமெடுத்தால் அவர் பேசி முடித்து நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். நிதானித்தால் படத்தின் தொடக்கம் போய்விடும். ஷோபனா ரவி போன்றவர்களின் வாசிப்பில் நாம் ரசித்த சீரான வேகம் கட்டுப்பாட்டு அறைக்குப் பெரிய உதவி.

கேள்வி (மதுரை வாசகர்): டி.வி.யில் போடும் பழைய படங்களில் பாட்டு கொஞ்சம் வேகமாக, சுருதி ஏறி ஒலிப்பது பிரமையா?

பதில்: பிரமை இல்லை. சினிமா விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்), நம் தொலைக்காட்சி 25. பிலிமைத் தொலைக்காட்சிக்கு மாற்றும் டெலிசினி எந்திரத்தில் படத்தையும் 25 சட்டமாகவே ஓட்டிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், சுருதி அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். நல்ல காதுக்குக் கட்டாயம் தெரியும்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): மாடியில் பழைய ஆன்டெனா நிற்கிறது. டிடி தமிழ் அதில் வருமா?

பதில்: நம்ப வேண்டாம். தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி நிலையங்களில் பெரும்பாலானவை 2021 இறுதிக்குள் மூடப்பட்டன. தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலான பொதிகை 2024 ஜனவரி 19இல் டிடி தமிழ் ஆனபோது அது செயற்கைக்கோள் சேனல். மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் சேவையில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் டிஷ் தென்கிழக்கு நோக்க வேண்டும். சென்னையில் ஏற்றக்கோணம் சுமார் 68 பாகை, உங்கள் ஊரிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. துருப்பிடித்த குழாயைக் கழற்றும்போது பக்கத்து மின்கம்பியைக் கவனியுங்கள். தனியாக இறக்க வேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): அப்பா 1980களில் சென்னைத் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த வி.எச்.எஸ். கேசட்டுகள் பரணில் இருக்கின்றன. ஒலியும் ஒளியும், ஒரு கர்நாடக இசைக் கச்சேரி, நடுநடுவே செய்தி. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வாங்கிய நாடா விலை அதிகம் என்பதால், ஒளிபரப்பானதை அழித்து அதன்மேலேயே பதிவது அன்று உலகின் பல தொலைக்காட்சி நிலையங்களில் வழக்கம். வீட்டில் இருக்கும் பதிவே மிஞ்சிய ஒரே பிரதியாகவும் இருக்கலாம்.

உடனே வி.சி.ஆரில் போடாதீர்கள். கேசட்டின் சாளரம் வழியே நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை. அப்படிப்பட்டதைத் தனியாக எடுத்து வையுங்கள். வி.சி.ஆரில் போட்டால் அடுத்தடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைச் சுத்தம் செய்பவரிடம் கொடுப்பதே நல்லது, கையாளும்போது முகக்கவசம் அணியுங்கள். சூடுகாட்டினால் நாடா சரியாகும் என்று கேள்விப்பட்டு சமையலறை அடுப்பில் வைக்காதீர்கள். அந்தச் சிகிச்சை சில தொழில்முறை நாடாக்களுக்கு, சுமார் 50 பாகைக் கட்டுப்பாட்டில் செய்வது.

நல்ல கேசட்டாக இருந்தால், முதலில் தேவையில்லாத ஒரு கேசட்டைப் போட்டு வி.சி.ஆர். நாடாவைக் கடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு அப்பாவின் கேசட்டை ஒருமுறை முழுவதும் முன்னோக்கி ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். கணினியில் பதியும்போது 720 க்கு 576, விநாடிக்கு 25 சட்டம், இன்டர்லேஸ் (ஒரு சட்டத்தை ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளாகப் பிரித்துக் காட்டும் முறை) கலையாமல் பதியுங்கள். டிஜிட்டல் வீடியோ (DV) கோப்பாக எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். இடத்தை மிச்சம்பிடிக்க நினைத்து மலிவான கருவியின் சுருக்கக் கோப்போடு நிறுத்தினால் பின்னால் சரிசெய்ய வழியில்லை. படத்தின் மேற்பகுதி வளைந்து ஆடினால் அந்த ஆட்டத்தைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் கருவி உள்ள இடத்தில் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். கேசட்டை முழுதும் சுற்றி, உறையில் போட்டு, செங்குத்தாக நிறுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். பரண் வெயிலுக்கு அது ஆகாது.

விளம்பரம், அறிவிப்பாளர் பேச்சு, செய்திக்கு முன் வரும் கடிகாரம், தடங்கல் அட்டை எதையும் வெட்டி எறியாதீர்கள். கேசட்டின் மேல் தேதி எழுதாதபோது, பதிவு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க உதவுவது அவைதான். கண்டுபிடித்த தேதியையும் அப்பா ஒட்டிய சீட்டில் உள்ள எழுத்தையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.