ஒரே இணைப்பு, ஒரு கணினியில் மட்டும் திணறல்

கேள்வி: எங்கள் விண்டோஸ் மேசைக்கணினியில் யூடியூப் தடையின்றி ஓடுகிறது, லினக்ஸ் நிறுவிய பழைய மடிக்கணினியிலோ படம் விட்டுவிட்டு நகர்கிறது, விசிறியும் இரைகிறது. இணைய வேகம் போதவில்லையா?

பதில்: விசிறி இரைகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. இணைப்பு மந்தமானால் படம் நின்று வட்டம் சுழலும்; செயலி திணறினால் ஒலி ஒழுங்காக வர, படம் மட்டும் துள்ளும். ஓடும் காணொளியின் மீது வலது சொடுக்கி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பெட்டியைத் திறந்து பாருங்கள். முன்கூட்டியே இறங்கிய நொடிகள் குறையாமல், தவறவிட்ட பிரேம்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனால் இணையத்தின் மீது பழியில்லை.

அப்பெட்டியிலேயே கோடெக்கின், அதாவது காணொளியைச் சுருக்கி அனுப்பும் வடிவத்தின், பெயரும் இருக்கும். யூடியூப் பயன்படுத்தும் புதிய கோடெக்குகளில் ஒன்றான ஏவி1 வடிவத்தை வன்பொருளிலேயே விரிக்கும் திறன் இன்டெல் மடிக்கணினிகளுக்கு 2020இல் 11ஆம் தலைமுறைச் செயலிகளுடனும், மேக் கணினிகளுக்கு 2023இல் எம்3 சில்லுடனும்தான் வந்தது. அதற்கு முந்தைய கணினிகளில் அவ்வேலை முழுவதும் மையச்செயலியின் தலையில் விழுகிறது.

லினக்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில்லுக்குத் திறன் இருந்தும், பிரவுசர் அதை அணுக உதவும் விஏ-ஏபிஐ என்ற இடைமுகத்துக்குரிய இயக்கி நிறுவப்படாவிட்டால் பிரவுசர் அதைப் பயன்படுத்தாது. ஃபயர்ஃபாக்ஸ் முகவரிப் பட்டையில் about:support என்று தட்டினால் தோன்றும் சரிசெய்தல் தகவல் பக்கத்தின் ஊடகப் பகுதியில் எந்தெந்த கோடெக்குக்கு வன்பொருள் ஆதரவு உள்ளது என்பதைக் காணலாம். எதற்கும் இல்லையெனில், செயலிக்குச் சுமை குறைந்த பழைய கோடெக்கான எச்.264 வடிவத்தையே யூடியூபிடம் கேட்டுப்பெறும் பிரவுசர் நீட்சியை நிறுவினால் திணறல் ஓரளவு குறையும். அதுவும் போதாவிட்டால், தெளிவை 720க்கோ 480க்கோ குறைத்துக்கொள்வதே வழி.