சொருகியிருக்கிறது, சார்ஜ் ஏறவில்லை

வாங்கி ஏழு மாதமே ஆன லேப்டாப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் ஏறுவதில்லை. 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று காட்டுகிறது. பேட்டரியை மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?
– கல்லூரி மாணவி, நாமக்கல்

வேண்டாம். கெட்டுப்போன பேட்டரி 80 என்ற முழு எண்ணைப் பார்த்து நிற்பதில்லை. சொல்லிவைத்தாற்போல் அங்கே நிற்கிறது என்றால், அப்படிச் சொல்லிவைத்த அமைப்பு ஒன்று உள்ளே இருக்கிறது என்று பொருள். பல நிறுவனங்கள் லேப்டாப்போடு சேர்த்து அனுப்பும் செயலியில், சார்ஜை 80-இல், சில மாடல்களில் 60-இலேயே, நிறுத்திவிடும் வசதி உண்டு. லெனோவோ அதை 'கன்சர்வேஷன் மோடு' என்கிறது. பிற நிறுவனங்களில் 'பேட்டரி கேர்', 'பேட்டரி ஹெல்த்' போன்ற பெயர்களில் தேடிப் பாருங்கள். சாதாரண லித்தியம் அயனி செல் ஒன்று முழுதாக ஏறும்போது ஏறத்தாழ 4.2 வோல்ட்டைத் தொடுகிறது. அந்த உச்சத்திலேயே, அதுவும் சூட்டோடு, நாள் முழுவதும் வைத்திருந்தால் செல் விரைவில் தேய்ந்துபோகும் என்பதால்தான், எப்போதும் சார்ஜரோடு இருக்கும் லேப்டாப்புக்கு இந்த வரம்பை வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய இரவு மட்டும் அதை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

வரம்பு எதுவும் இல்லை, 37, 52 என்று கண்ட இடத்தில் நிற்கிறது என்றால், சந்தேகம் முதலில் அடாப்டர் மீது விழ வேண்டும். டெல் அடாப்டர்கள் பலவற்றின் உருளை முனைக்குள் நடுவில் ஊசி போல ஒரு கம்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பேட்டரிக்கான மின்சாரம் அதன் வழியாக வருவதில்லை. இது எத்தனை வாட் அடாப்டர் என்று லேப்டாப்புக்கு அடையாளம் சொல்வதே அதன் வேலை. அந்த ஊசி வளைந்தாலோ, வயருக்குள் அதற்கான இழை அறுந்தாலோ, லேப்டாப் ஓடும். பேட்டரி மட்டும் ஏறாது. இது தெரியாமல் புது பேட்டரியைப் போட்டுவிட்டு, அதுவும் ஏறவில்லை என்று திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எப்படியானாலும், வெளிக்கடையில் திறக்கக் கொடுப்பதற்கு முன் வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

முனை ஒன்றுதானே என்று டைப்-சி போன் சார்ஜரை லேப்டாப்பில் சொருகினேன். சார்ஜ் ஏறுவதாகக் குறி தெரிகிறது. ஆனால் வேலை செய்யச் செய்ய இறங்குகிறது.
– பள்ளி ஆசிரியர், பட்டுக்கோட்டை

குழாய் ஒன்றுதான், வருகிற தண்ணீர் போதவில்லை. அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். 9 வோல்ட், 2 ஆம்பியர் தரும் போன் சார்ஜர் வெறும் 18 வாட். லேப்டாப் 30 வாட் கேட்கும் நேரத்தில் மீதி 12 வாட்டை பேட்டரிதான் தர வேண்டும். போன் சார்ஜரின் மேல் 67 வாட் என்று போட்டிருந்தாலும் நம்பிவிட வேண்டாம், சில நிறுவனங்களின் அந்த வேகம் அவர்களுடைய போனுக்கு மட்டுமே கிடைக்கும். 'பவர் டெலிவரி' என்ற குறிப்பும், வெளியீட்டில் 20 வோல்ட்டும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

நான்கு ஆண்டு பழைய லேப்டாப். 30 விழுக்காடு மீதம் இருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. பேட்டரியா, போர்டா?
– கணக்கர், காரைக்குடி

பெரும்பாலும் பேட்டரிதான். ஆனால் என் சொல்லை நம்பிச் செலவு செய்ய வேண்டாம். லேப்டாப்பையே சாட்சி சொல்ல வையுங்கள். விண்டோஸில் 'கமாண்ட் பிராம்ப்ட்'டைத் திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்சிஎஃப்ஜி' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, அதை ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்று அடித்து என்டரைத் தட்டினால், ஓர் அறிக்கை கோப்பாகச் சேமிக்கப்பட்டு, அது இருக்கும் இடமும் திரையில் தெரியும். அதில் 'டிசைன் கெபாசிட்டி' என்பது பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு. 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' இன்றைக்கு அதனால் முடிந்த அளவு. முதலாவது 41,040 என்றும் இரண்டாவது 23,900 என்றும் இருந்தால், பேட்டரியின் உயிர் 58 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது.

முதுமையில் கொள்ளளவு குறைவதோடு செல்லின் உள்மின்தடையும் கூடிவிடுகிறது. எனவே ஒரே நேரத்தில் நாலைந்து வேலைகளைக் கொடுத்து லேப்டாப் அதிக மின்னோட்டத்தை இழுக்கும்போது, வோல்ட் சடாரென்று சரிந்து, திரையில் 30 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் அணைந்துவிடுகிறது. சில வேளைகளில் அளவுகாட்டும் சில்லு கணக்குத் தவறிப்போனதும் காரணமாக இருக்கலாம். ஒருமுறை முழுதாக ஏற்றி, தானாக அணையும்வரை பயன்படுத்தி, மறுபடி நிறுத்தாமல் 100 வரை ஏற்றிப் பாருங்கள். அதன் பிறகும் 30-இல் அணைந்தால் மாற்றத்தான் வேண்டும். புதிது வாங்கும்போது லேப்டாப் மாடலைச் சொல்வதோடு நிற்காமல், பழைய பேட்டரியின் மேல் உள்ள பார்ட் நம்பரையும் வோல்ட்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் இருவகை பேட்டரிகள் வருவதுண்டு.

டச்பேட் நடுவில் மேடு தட்டியிருக்கிறது. அழுத்தினால் கிளிக் விழவில்லை. டச்பேட் மாற்ற எவ்வளவு ஆகும்?
– தையற்கடை உரிமையாளர், திருப்பூர்

டச்பேட்டை விடுங்கள். இதைப் படித்தவுடன் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். சமமான மேசையில் வைத்து ஒரு மூலையை அழுத்தினால் நொண்டி நாற்காலி போல ஆடுகிறதா, அடிப்பலகை இணையும் இடத்தில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் வேதிக் கரைசல் சிதைந்து உண்டான வாயு பைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஊசியால் குத்தி அதை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். அழுத்தாமல், வளைக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் அங்கேயே ஒப்படையுங்கள். பயன்படுத்திய பேட்டரிகளைச் சேகரிக்கும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மேல்தான் வைத்திருக்கின்றன.

சார்ஜ் போட்டபடி லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவினால் மெல்லிய அதிர்வு தெரிகிறது. கழற்றினால் இல்லை. ஷாக் அடிக்குமோ என்று மனைவி பயப்படுகிறார்.
– ஓய்வுபெற்ற அலுவலர், கும்பகோணம்

பயம் நியாயமானது, ஆனால் விரலில் உணர்வது மிகச் சிறிய கசிவு மின்னோட்டம். அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டுவதற்கென்று வைத்திருக்கும் மின்தேக்கிகளின் வழியே அது வருகிறது. எர்த் சரியாக இருந்தால் அந்தக் கம்பியோடு போய்விடும். இல்லாவிட்டால் உலோக உடம்பில் தங்கி, தொட்டவர் வழியாக இறங்கப் பார்க்கும். சார்ஜில் இருக்கும்போது மட்டும் டச்பேட்டில் அம்புக்குறி தாறுமாறாக ஓடுவதற்கும் பல வீடுகளில் இதுவே காரணம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் சொருகியிருந்தால் முதலில் அதை நீக்குங்கள். மெல்லிய அதிர்வாக இல்லாமல் சுரீரென்று இழுத்தால் அந்த அடாப்டரை மறுபடி தொட வேண்டாம். மூன்று பின் சாக்கெட்டில் சொருகியும் அதிர்வு நிற்கவில்லையானால், பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை பெயருக்கு மட்டும் இருப்பதுண்டு. வயர்மேனை அழைத்து, மெயினை அணைத்து, சாக்கெட்டைக் கழற்றி, அந்த ஓட்டைக்குப் பின்னால் பச்சை வயர் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.