விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை வேலை நாள்தோறும் எப்படி இருக்கும்?

கேள்வி: விமான நிலையத்தில் பைகளையும் பயணிகளையும் சோதிப்பவர்களின் அன்றாடம் எப்படி இருக்கும்? நாள் முழுக்க எக்ஸ்ரே திரையையே பார்த்துக்கொண்டிருப்பது சலிக்காதா? என் தங்கை இந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறாள்.

மத்திய தொழில் பாதுகாப்புப் படையில் இருந்தபோது சில ஆண்டுகள் விமான நிலையப் பணி பார்த்தவள் நான். சென்னையிலும் இருந்திருக்கிறேன். இப்போது பணியில் இல்லை. அதனால்தான் எழுத முடிகிறது. எந்தக் கருவி எதைத் தவறவிடும் என்பது போன்ற கேள்விகளைப் பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

முதலில், நாள் முழுக்க யாரையும் திரை முன்னால் உட்கார வைப்பதில்லை. தொடர்ந்து இருபது நிமிடம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. அதற்கு மேல் கண் திறந்திருக்கும், மனம் எங்கோ போய்விடும். எனவே இடம் மாற்றிக்கொண்டே இருப்போம். ஒருவர் ட்ரேயில் பொருட்களை வைக்கச் சொல்வார், ஒருவர் திரையைப் பார்ப்பார், ஒருவர் ஒதுக்கப்பட்ட பையைத் திறப்பார், மற்றவர்கள் கையில் மெட்டல் டிடெக்டருடன் நிற்பார்கள். பெண்களுக்கு இந்தச் சுழற்சி அவ்வளவு நேர்மையாக அமையாது. பெண் பயணிகளைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பதால் திரைச்சீலை போட்ட அந்தச் சிறிய அறைக்குள்தான் எங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் போகும்.

எக்ஸ்ரே திரை ஒரு நிறப்படம். உணவு, துணி, காகிதம், பிளாஸ்டிக் போன்ற கரிமப் பொருட்கள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். உலோகம் நீலம். இரண்டுக்கும் இடைப்பட்டவை, கலந்து கிடப்பவை பச்சை. கதிர் ஊடுருவ முடியாத அளவுக்கு அடர்த்தியாக இருந்தால் கருப்பு. பார்வை முதலில் போவது இந்தக் கருப்புக்குத்தான். நம் ஊர்ப் பயணியின் பையில் கருப்புக்குப் பஞ்சமே இல்லை: பித்தளைக் குத்துவிளக்கு, முறுக்கு உரல், சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்காக வாங்கிய சின்ன இடிகல். ஆரஞ்சிலும் சங்கடம் உண்டு. ஒரு கிலோ திருநெல்வேலி அல்வா திரையில் அடர்த்தியான ஆரஞ்சுக் கட்டியாகத் தெரியும். வெடிமருந்துக் கட்டியும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். பக்கத்தில் ஒரு சார்ஜரும் அதன் ஒயரும் சுருண்டு கிடந்தால் பையைத் திறக்காமல் விட வழியே இல்லை. லேப்டாப்பை வெளியே எடுக்கச் சொல்வதும் இதனால்தான். அதன் பேட்டரியும் சர்க்யூட்டும் கீழே இருப்பதை மறைத்துவிடும்.

இங்கேதான் பயணிகள் எங்களைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பை தனியே ஒதுங்கியதும் முகம் சிவந்துவிடும். "என்னைப் பார்த்தால் தீவிரவாதி மாதிரி இருக்கிறதா?" என்று கேட்காத நாளில்லை. திரை முன் இருப்பவருக்குப் பை யாருடையது என்றே பெரும்பாலும் தெரியாது. படம் அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். புரியாத படத்தை அனுப்பிவிட்டால்தான் அவர் மேல் தவறு. பையில் பொருட்களைக் கொஞ்சம் பரப்பி அடுக்கிவந்தால் இந்தச் சண்டையில் முக்கால்வாசி நடக்காது.

சலிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சலிக்கும். கிடைக்கவே போகாத ஒன்றைத் தேடும் வேலை இது. பணிக்காலம் முழுவதும் ஒரு வெடிகுண்டைக் கூடப் பார்க்காமல் ஓய்வு பெறுபவர்கள்தான் மிக அதிகம். அதனால்தான் எக்ஸ்ரே இயந்திரத்திலேயே ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். அது அவ்வப்போது யாரோ ஒருவருடைய பையின் படத்துக்குள் இல்லாத துப்பாக்கியையோ கத்தியையோ செருகிவிடும். நீங்கள் பொத்தானை அழுத்திவிட்டால் அது பொய்ப்படம் என்று காட்டிப் பாராட்டும். தவறவிட்டால் உங்கள் கணக்கில் எழுதப்படும். இந்த ஏமாற்று வேலை இல்லையென்றால் அதிகாலை நான்கு மணிக்குப் பலருக்கும் கண் சொருகிவிடும் என்பது என் எண்ணம்.

தேடியது கிடைக்காமல் போன நாட்களையும் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். 1984 ஆகஸ்ட் 2 அன்று இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்துச் சுமார் முப்பது பேர் இறந்தார்கள். கொழும்பு விமானத்துக்கென்று பதிவு செய்யப்பட்ட பெட்டி அது. அதைக் கொண்டுவந்தவன் விமானம் ஏறவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்து அருகே கடலில் விழுந்து 329 பேர் இறந்தார்கள். அதிலும் பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை. அன்று டொரன்டோவில் பெட்டிகளைச் சோதித்த எக்ஸ்ரே இயந்திரம் நடுவிலேயே பழுதாகி, கையில் பிடிக்கும் ஒரு கருவியை வைத்து மீதிப் பெட்டிகளைச் சோதித்து அனுப்பினார்கள். இயந்திரம் பழுது என்று வரிசையை நிறுத்தும்போது நீங்கள் திட்டுவது எங்கள் காதில் விழும். ஆனாலும் நிறுத்தத்தான் செய்வோம். எங்கள் படை விமான நிலையங்களுக்குள் வந்ததே 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து புறப்பட்ட விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகுதான். அதற்கு முன் மாநிலக் காவல்துறை பார்த்துவந்த வேலை இது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி ஒவ்வொன்றாகப் படையிடம் வந்தது.

இனி அந்தத் திரைச்சீலை அறை. ஒரு பெண்ணின் உடலைத் தடவிச் சோதிப்பது அவளுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். மல்லிகைச் சரத்துக்குள் இருக்கும் ஹேர்பின், மெட்டி, தாலிக்கொடி, ஊக்கு எல்லாவற்றுக்கும் கருவி சத்தம் போடும். முதல் முறை விமானம் ஏறும் பாட்டிகள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தாலியைக் கழற்றச் சொல்வோமோ என்று இறுகப் பிடித்துக்கொள்வார்கள். "கழற்ற வேண்டாம் அம்மா, கையை மட்டும் கொஞ்சம் விரித்து நில்லுங்கள்" என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; அவர்களை மெட்டல் டிடெக்டர் வாசல் வழியே அனுப்பாமல் கையால் சோதிப்போம். செயற்கைக் கால் வைத்திருப்பவர்கள் விஷயத்தில் துறை நிறையக் கற்க வேண்டியிருந்தது. 2021 அக்டோபரில் நடிகை சுதா சந்திரன், ஒவ்வொரு முறையும் தன் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். படை அவரிடம் மன்னிப்புக் கேட்டது. கேட்டது சரிதான் என்பேன்.

பறிமுதல் செய்வதை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகிறோம் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. மிளகாய்ப்பொடியையும் லைட்டரையும் கத்தரிக்கோலையும் சேர்த்துவைத்து நான் என்ன கடையா திறக்கப் போகிறேன்? "எவ்வளவு தங்கம் பிடித்தீர்கள்?" என்று உறவினர்கள் கேட்பார்கள். தங்கம் சுங்கத்துறையின் வேலை. விமானத்துக்கு ஆபத்தானதைத் தேடுவதுதான் எங்கள் வேலை. பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பதிவுப் பெட்டியில் கூடாது. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம். தேங்காய் வழக்கமாக உள்ளே போகாது. சபரிமலை பக்தர்களின் இருமுடிக்கு மட்டும் 2024 அக்டோபரில் விலக்கு அளித்து, 2025 ஜனவரி 20 வரை கைப்பையில் கொண்டுபோக அனுமதித்தார்கள். அதற்கும் முழுச் சோதனை உண்டு. விலக்கு இல்லாத காலங்களில் மாலை போட்ட சாமிகளிடம் இருமுடியில் உள்ள தேங்காய் போகாது என்று சொல்ல நேர்ந்த ஊழியர்களின் பாடு எனக்குத் தெரியும்.

உங்கள் தங்கைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எங்களைப் போல் சீருடைப் படை. நாட்டில் எங்கு வேண்டுமானாலும் போடுவார்கள், இந்தி பேசியே ஆக வேண்டும். இன்னொன்று, பதிவுப் பெட்டிகளையும் சரக்கையும் சோதிக்கும் ஸ்கிரீனர் பணி. விமான நிலைய ஆணையத்தின் சரக்கு நிறுவனம் பட்டதாரிகளை இதற்கு அவ்வப்போது எடுக்கிறது. பெரும்பாலும் ஒப்பந்தப் பணி. எதுவானாலும் சிவில் விமானப் பாதுகாப்புத் துறையின் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்காமல் திரை முன் உட்கார முடியாது. அந்தச் சான்றிதழைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் லீவு கேட்பதை மறந்துவிட வேண்டியதுதான், அப்போதுதான் கூட்டம் அதிகம். பன்னாட்டு முனையத்தில் நள்ளிரவுக்குப் பிறகுதான் வேலை மும்முரமாகும். நின்றே கழியும் ஷிப்டுகளால் காலில் நரம்பு புடைத்துக்கொண்ட தோழிகள் எனக்கு உண்டு. இதெல்லாம் சரி என்று அவள் சொன்னால், விண்ணப்பத்துக்கு முன் கண் மருத்துவரிடம் நிறப்பார்வைச் சோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஆரஞ்சையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களை மருத்துவச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.