அசையும் தோணி: அருகிலுள்ள விண்மீன்களின் சிறு கோள்கள் பற்றிய கேள்வி பதில்

கல்லடிக் கடற்கரையில் நடந்த வான் நோக்கும் இரவின் முடிவில் பலர் எழுதித் தந்த கேள்விகளுக்கு, அன்று தொலைகாட்டியை இயக்கிய பௌதிகவியல் ஆசிரியர் அளித்த பதில்கள்.

கல்லடி, உயர்தர மாணவி: சேர், தெற்கே தாழ்வாக நின்ற அல்பா சென்டோரியைக் காட்டி, அதன் துணை விண்மீனுக்கு ஒரு கோள் உண்டு என்றீர்கள். அந்தக் கோளை ஏன் காட்டவில்லை?

மகள், அதை இதுவரை எவரும் நேரில் கண்டதில்லை. நீங்கள் கேட்ட அந்தத் துணை விண்மீனான புரொக்சிமா சென்டோரி 4.24 ஒளியாண்டு தொலைவில், சூரியனுக்கு மிக அண்மையில் உள்ள விண்மீன். ஆயினும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலானது. புவிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தில் இருபதில் ஒரு பங்கு தொலைவிலேயே சுற்றும் அதன் கோள், அந்த மங்கிய ஒளிக்குள்ளும் மூழ்கிப்போகிறது.

வாழைச்சேனை, மீன்பிடித் தொழிலாளர்: காணாத ஒன்று இருக்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

அண்ணன், வாவியில் கட்டவிழ்த்து நிற்கும் தோணியில் நீங்கள் அணியத்திலிருந்து பின்பக்கம் நடந்தால், தோணி எதிர்ப்பக்கமாகச் சற்று நகரும் என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். இருட்டில் ஆள் தெரியாவிட்டாலும், தோணி நகர்வதைக் கொண்டே உள்ளே ஒருவர் நடக்கிறார் என்று கரையில் நிற்பவர் கண்டுகொள்ளலாம். கோள் சுற்றும்போது விண்மீனும் அவ்வாறே தானும் ஒரு சிறு வட்டமிடுகிறது. அது நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளியின் அலைநீளம் சற்றுக் குறுகி, விலகும்போது சற்று நீளும். இதுவே டொப்ளர் விளைவு. புரொக்சிமா 11.2 நாளுக்கு ஒருமுறை, செக்கனுக்கு ஏறத்தாழ 1.4 மீற்றர் வேகத்தில், அதாவது ஒரு மனிதர் நடக்கும் வேகத்தில், முன்னும் பின்னும் அசைவதைக் கொண்டுதான் அதன் கோள் 2016 இல் அறிவிக்கப்பட்டது. சிலி நாட்டின் லா சில்லாவில் உள்ள, விண்மீன் ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் ஹார்ப்ஸ் கருவியில், இந்த அசைவால் நிறமாலைக் கோடு ஒன்று விலகும் தூரம் ஒரு பிக்சலின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு மட்டுமே. ஆகவேதான் அக்கருவியை வெற்றிடக் கலத்துக்குள் அடைத்து, வெப்பநிலை பாகையின் நூறில் ஒரு பங்குகூட மாறாமல் காக்கிறார்கள்.

காரைதீவு, ஆசிரியை: பெரும்பாலும் சிவப்புக் குறு விண்மீன்களையே தேடுவது ஏன்?

புரொக்சிமா போன்ற அந்தச் சிறிய, மங்கலான விண்மீன்கள் சிறிய தோணிகள் என்பதால். புவி நம் சூரியனை அசைக்கும் வேகம் செக்கனுக்கு 9 சென்ரிமீற்றர் மட்டுமே. ஒரு சுற்றைக் காண ஓர் ஆண்டு காத்திருக்கவும் வேண்டும். புரொக்சிமாவின் திணிவு சூரியனில் எட்டில் ஒரு பங்கு. கோளும் மிக நெருங்கிச் சுற்றுவதால் அசைவு பெரிதாகவும் விரைவாகவும் கிடைக்கிறது.

அக்கரைப்பற்று, வாசகர்: அறிவித்த கோள்களைப் பின்னர் இல்லை என்கிறார்களே, எதை நம்புவது?

இந்தத் துறையின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். தோணி ஆளால் மட்டும் அசைவதில்லை, அலையாலும் அசையும். விண்மீனின் மேற்பரப்பு கொதிக்கிறது, அதில் புள்ளிகள் தோன்றிச் சுழல்கின்றன. அந்தச் சுழற்சி கோளைப்போலவே ஒழுங்கான அசைவைக் காட்டி ஏமாற்றும். 6 ஒளியாண்டு தொலைவிலுள்ள பார்னார்ட் விண்மீனுக்குக் கோள் உண்டு என்று 1960களில் பீற்றர் வன் டி காம்ப் என்னும் வானியலாளர் கூறினார். அவர் கண்ட அசைவு தொலைகாட்டியின் வில்லையைச் சீர்செய்ததால் வந்தது என்பது பின்னர் தெரிந்தது. 2018 இல் அதே விண்மீனுக்கு 233 நாள் சுற்றுக்காலமுள்ள ஒரு கோள் அறிவிக்கப்பட்டு, அதுவும் விண்மீனின் சொந்தக் குழப்பமே என்று விலக்கப்பட்டது. அதன் பின்னர் ஹார்ப்ஸ் போன்ற எஸ்பிரெசோ கருவியால் 2024 இல் 3.15 நாளில் சுற்றும் கோள் ஒன்றும், அதே வகையைச் சேர்ந்த மரூன் எக்ஸ் கருவியின் அளவீடுகளும் சேர்ந்து 2025 இல் மொத்தம் நான்கு கோள்களும் உறுதியாயின; நான்கும் புவியைவிட இலேசானவை. இரு வேறு கருவிகள் ஒரே விடையைத் தந்ததாலேயே நான் இதனை நம்புகிறேன். விண்மீன் புள்ளியின் விளைவு ஒளியின் நிறத்துக்கு நிறம் மாறும், கோளின் இழுப்போ எல்லா நிறத்திலும் ஒன்றாகவே இருக்கும் என்பது இன்னொரு நல்ல சோதனை. தம் முடிவைத் தாமே மீளச் சோதித்து விலக்கிக்கொண்டவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

கல்முனை, பொறியியல் மாணவர்: கோளின் திணிவு துல்லியமாகத் தெரியுமா?

இந்த முறையில் குறைந்தபட்சத் திணிவே கிடைக்கும். நம்மை நோக்கிய அசைவை மட்டுமே அளக்கிறோம். சுற்றுப்பாதை சாய்ந்திருந்தால் உண்மைத் திணிவு கூடும். ட்ராபிஸ்ட் 1 என்னும் விண்மீனில் காண்பதுபோல, கோள்கள் விண்மீனின் முன்னால் கடந்துசெல்வது தெரியுமாயின் அந்த ஐயம் நீங்கும்.

வாகரை, பத்தாம் தர மாணவன்: நாங்களும் ஏதாவது செய்யலாமா?

தாராளமாக, தம்பி. கோள் முன்னால் கடக்கும்போது விண்மீனின் ஒளி சற்று மங்குவதைத் தேடும் டெஸ் விண்கலத்தின் ஒளி அளவீடுகள் எவரும் இலவசமாகப் பெறக்கூடியவை. ஒரு மடிக்கணினி போதும். அதுவும் இல்லையென்றால், ஆனி, ஆடி மாத இரவுகளில் ஒரு சிறிய தொலைகாட்டியை எடுத்து, விண்மீன் வரைபடம் பார்த்துப் பார்னார்ட் விண்மீனைத் தேடுங்கள். அருகிலுள்ள மங்கலான விண்மீன்களுடன் சேர்த்து அதன் இடத்தைக் கொப்பியில் வரைந்து திகதியிடுங்கள். அது ஆண்டுக்கு 10.3 வில் செக்கன் (ஒரு வில் செக்கன் என்பது ஒரு பாகையில் 3600 இல் ஒரு பங்கு) நகர்கிறது. ஐந்தாம் ஆண்டில் நீங்கள் வரையும் படத்தை முதல் படத்தோடு ஒப்பிட்டால், அது இடம் மாறியிருப்பதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள்.