'லுக் ஃபார்வர்ட் டு' என்று எழுதினால் அடுத்து வருவது 'மீட்'டா, 'மீட்டிங்'கா?

'மீட்டிங்'தான் சரி.

'டு'வுக்குப் பின்னால் ஐஎன்ஜி வராது என்றுதானே பள்ளியில் சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ மேலதிகாரி உங்கள் மெயிலைத் திருத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருக்கும் இந்தச் சந்தேகம் வராது. எனக்கும் அதுதான் நடந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சாம்பிள் பார்க்க ஜெர்மனியிலிருந்து பையர் வருவதாக இருந்தது. 'வி லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்று முடித்து, டிராஃப்டை பிரிண்ட் எடுத்து மேனேஜர் டேபிளில் வைத்தேன். ஐஎன்ஜி-யை மட்டும் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் 'பேசிக் கிராமர்!' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அந்த ஆச்சரியக்குறிதான் எனக்குச் சுருக்கென்றது.

நேரே போய், "சார், மீட்டிங் யூவுக்குப் பதிலா 'யுவர் விசிட்'னு போட்டுப் பாருங்க" என்றேன். 'வி லுக் ஃபார்வர்ட் டு யுவர் விசிட்.' கச்சிதமாகப் பொருந்தியது. "இப்ப 'வி வான்ட் டு யுவர் விசிட்'னு சொல்லிப் பாருங்க சார்." வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "சரி சரி, டைம் இல்ல, அப்படியே அனுப்பி விடுங்க" என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. எனக்கு அது போதும்.

விஷயம் இதுதான். 'வான்ட் டு மீட்'டில் வரும் 'டு' வினையோடு ஒட்டிக்கொண்டது. 'லுக் ஃபார்வர்ட் டு'வில் வருவது 'இன்', 'அட்', 'ஃபார்' போல ஒரு பிரிபொசிஷன். அதற்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வர முடியும். வினை அந்த இடத்துக்கு வர வேண்டுமானால் ஐஎன்ஜி சேர்த்துக்கொண்டு பெயராக வர வேண்டும். இதைத்தான் ஜெரண்ட் என்கிறார்கள். 'நீந்துதல் உடம்புக்கு நல்லது' என்கிறோமே, அந்தத் தொழிற்பெயர் செய்யும் வேலைதான். இந்த இரண்டு 'டு'வுக்கும் இன்னொரு உதாரணம்: 'ஐ யூஸ்ட் டு ட்ரைவ்' என்றால் ஒரு காலத்தில் ஓட்டினேன். 'ஐ ஆம் யூஸ்ட் டு ட்ரைவிங்' என்றால் ஓட்டிப் பழக்கம். 'அப்ஜெக்ட் டு'வும் இரண்டாவது கட்சிதான்.

2002-இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கண நூலில் ஜெரண்ட் என்று தனியாக ஒன்றே கிடையாதே, 'ஜெரண்ட்-பார்ட்டிசிபிள்' என்று ஒரே வடிவம்தானே என்று கமெண்டில் ஒருவர் கட்டாயம் வருவார். தெரியும் ஐயா. அதை எழுதிய ஹடில்ஸ்டனும் புல்லமும் பெயரைத்தான் மாற்றினார்கள், 'டு மீட்' போடச் சொல்லவில்லை. ஐஎன்ஜி-க்கு முன்னால் 'மை' போட்டு 'மை கமிங்' என்பதா, 'மீ' போட்டு 'மீ கமிங்' என்பதா என்பது தனிச் சண்டை. 'மீ'யை இங்கிலாந்தின் இலக்கணக்காரர்களான ஃபவுலர் சகோதரர்கள் 1906-லேயே கண்டித்துவிட்டார்கள். அதற்குள் நான் போகவில்லை.

அப்புறம், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. அதே கம்பெனியில் பிசினஸ் இங்கிலீஷ் வகுப்பெடுக்க வந்த ஒருவர், 'டூ தி நீட்ஃபுல்' (ஆவன செய்யுங்கள்) என்பது இந்தியர்கள் செய்யும் இலக்கணப் பிழை என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் கூடச் சிரித்தார்கள். 'நீட்ஃபுல்' பெயரடை, 'தி' சேர்ந்ததும் பெயராக நிற்கிறது. இதில் என்ன பிழை? 'டூ தி இம்பாசிபிள்' என்று ஒரு வெள்ளைக்காரர் எழுதினால் மட்டும் அழகாக இருக்கிறதா? 'தி ரிச்', 'தி புவர்' எல்லாம் பெயரடைகள்தானே? 'டூ தி நீட்ஃபுல்' பிரிட்டிஷ்காரர்களே எழுதிப் பழக்கிவிட்ட தொடர். அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் விடவில்லை. பழைய நடை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பிழை என்றால் சும்மா இருக்க மாட்டேன். அந்த வகுப்புக்கு எங்கள் சம்பளத்தில்தான் பிடித்தார்கள் என்பது தனி வயிற்றெரிச்சல்.

உங்கள் மெயில் வேலை விஷயமாக என்றால் 'லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்றே அனுப்புங்கள். மேலே இருப்பவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார் என்றால் 'டு யுவர் ரிப்ளை' என்று மாற்றிவிடுங்கள், அதில் யாரும் கை வைக்க முடியாது.