விண்கப்பல் கதையில் உளநல ஆலோசகர் நேரடியாக கொமாண்டர் ஆகலாமா?

தாராளமாக ஆகலாம். கொமாண்டர் என்பது கப்பல் கப்டனுக்கு அடுத்த கீழ்ப்படியிலுள்ள பதவி. ஆனால் பதவி கொடுப்பது வேறு, கப்பலை அவர் கையில் கொடுப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் கதைகளை வாசிக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் விட்டுப்போகும்.

நிஜப் படைகளிலும் நிபுணர்களுக்குத் தனி வாசல் உண்டு. பல வருடம் படித்த டொக்டரை அடிமட்டத்திலிருந்து தொடங்கச் சொன்னால் யார் வருவார்கள்? அமெரிக்கத் தரைப்படையில் டொக்டர்கள் பெரும்பாலும் கப்டனாகவே சேருகிறார்கள் (இது கப்பல் கப்டனைவிடக் கீழான பதவி). கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற கிரேஸ் ஹொப்பர் 1944இல் அமெரிக்கக் கடற்படையில் இளநிலை லெப்டினன்டாக கொமிஷன், அதாவது அதிகாரி நியமனம், பெற்றார். 1986இல் ரியர் அட்மிரலாக ஓய்வு பெறும்வரை அவருடைய களம் கணினிதான். பிரித்தானியக் கடற்படை டொக்டர்களின் சட்டைக்கையில் தங்கப் பட்டிகளுக்கு நடுவே சிவப்புத் துணி இருக்கும். அதிகாரிதான், ஆனால் கப்பலுக்குக் கட்டளையிடுபவர் இல்லை என்பது பார்த்தவுடனே விளங்கிவிடும்.

இதை நன்றாகக் கையாண்டது 'ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க விண்கப்பல் தொலைக்காட்சித் தொடர். 1991இல் வந்த ஒரு பகுதியில் கப்பல் விபத்துக்குள்ளாகிறது. கப்டன் லிப்டுக்குள் மாட்டிக்கொள்கிறார். கட்டளை மேடையில் இருப்பவர்களில் பதவி கூடியவர் ஆலோசகர் டியானா ட்ராய். பொறுப்பு அவர் தலையில் விழுகிறது, ஆனால் தொழில்நுட்ப விஷயங்களைப் பக்கத்தில் நிற்பவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். 1994இல் அவரே விரும்பி கட்டளை அதிகாரித் தேர்வு எழுதுகிறார். அதன் பொறியியல் சோதனையில், கப்பல் ஆபத்தில் மாட்டுவது போன்ற ஒரு பாவனைக் காட்சியைக் கணினி உருவாக்குகிறது. அதில் திரும்பத் திரும்பத் தோல்வி. எந்தத் தொழில்நுட்ப வழியும் கப்பலைக் காப்பாற்றுவதில்லை. கடைசியில், போனால் உயிர் தப்ப முடியாத இடத்துக்கு, அந்தப் பாவனைக் காட்சியில் வரும் நண்பர் ஜோர்டியை அனுப்பக் கட்டளையிடுகிறார். அதன் பிறகுதான் கொமாண்டர் பதவி.

அந்தப் பகுதியை என் மச்சாளோடு சேர்ந்து பார்த்தேன். அவர் மட்டக்களப்பில் தாதியாக இருக்கிறார். "பெரிய சேர்ஜன் எண்டாலும் ஆஸ்பத்திரிய நடத்துறவர் வேற ஆள்தானே, அதுக்கு வேற படிப்பு இருக்கு" என்றார். சரியான பேச்சு. எங்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் பணிப்பாளராக வருபவர் நிர்வாகம் படித்த டொக்டர். சத்திரசிகிச்சை நிபுணருக்கு எவ்வளவு மதிப்பு இருந்தாலும் அந்தக் கதிரை தானாக வராது.

அதனால் உங்கள் ஆலோசகருக்கு முதல் நாளே லெப்டினன்ட் கொமாண்டர் பதவி கொடுங்கள், சம்பளமும் மரியாதையும் சேர்ந்து வரட்டும். கட்டளைத் தகுதியை மட்டும் பிறகு, அவருடைய சொந்தத் தொழிலோடு மோதும் ஒரு தேர்வில் பெற வையுங்கள். மற்றவர் மனதைத் தேற்றிப் பழகியவருக்கு எது கஷ்டமோ, அதையே கேளுங்கள். அப்புறம், கொமிஷன் இல்லாத, இயந்திர அறையிலேயே காலம் கழித்த ஒரு பழைய ஆளையும் அவருக்குக் கீழே வையுங்கள். ஆலோசகரின் முதல் கட்டளையைக் கேட்டு அந்த ஆள் உடனே அசைகிறாரா, ஒரு கணம் நின்று மற்றவர்கள் முகத்தைப் பார்க்கிறாரா என்பதை விரிவாக எழுதுங்கள்.