குழாயைக் கண்டு கால் ஏன் துள்ளுகிறது?

கிளிநொச்சி நண்பர் ஒருவரின் கேள்வி: வயல் வரம்பில் வளைந்து கிடக்கும் தண்ணீர்க் குழாயைக் கண்டதும், அது என்னவென்று அறியும் முன்பே கால் பின்வாங்குவது ஏன்?

மூளை வேண்டுமென்றே பிழை விடுகிறது என்று சொல்லலாம். குழாயைப் பாம்பென்று எண்ணினால் நட்டம் ஒரு துள்ளல்தான். புடையன் என்ற நச்சுப் பாம்பைக் குழாயென்று எண்ணி மிதித்தால் உயிரே போகலாம். சந்தேகம் வந்ததுமே துள்ளியவர்களின் சந்ததிதான் நாம்.

ஆனால் பாம்புப் பயம் பிறவியிலேயே முழுதாக வருகிறது என்று பலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. 1980களில் உளவியலாளர் சூசன் மினேக்காவும் சகாக்களும் செய்த சோதனைகளில், ஆய்வுகூடத்தில் வளர்ந்த ரீசஸ் குரங்குகள் முதலில் பாம்புக்கு அஞ்சவில்லை. வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு மிரளும் காணொளியைப் பார்த்தபின் அஞ்சின. அதே மிரட்சி பூவைக் கண்டு எழுவதுபோல் காணொளியை வெட்டி ஒட்டிக் காட்டியபோதோ, பூவுக்கு அஞ்சப் பழகவேயில்லை. ஆக, மரபில் வருவது பயமன்று. குறித்த சிலவற்றுக்கு அஞ்ச விரைவாகக் கற்கும் ஆயத்தம். மிச்சத்தை, "பாம்பு பூச்சி கிடக்கும், டோர்ச்சைக் கொண்டு போ" என்று அம்மம்மா கற்பித்துவிடுகிறார்.

இந்த ஆயத்தம் மிகப் பழையது. புதிய ஆபத்துகள் அதன் கணக்கில் இல்லை. ஏ9 வீதியில் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் பறப்பவரே சாரையைக் கண்டு ஓடுகிறார். சாரைக்கு நஞ்சில்லை; வயலில் எலியைத் தின்று நமக்கு உதவும் பாம்பு அது.